7. கடிதம் படிப்பதற்கு மட்டும்

மின்னஞ்சல் மென்பொருளில் முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுத்து, கடிதங்கள் வந்து இறங்கத் தொடங்கியதும் 'செட்டிங்ஸ்' பக்கத்தை நாம் மறந்துவிடுகிறோம். அங்கே இருப்பவற்றில் பெரும்பகுதி எழுத்தின் அளவு, பின்னணி நிறம், புதுக் கடிதம் வந்தால் என்ன ஓசை எழ வேண்டும் என்பது போன்றவைதாம். அவற்றை அப்படியே விட்டுவிடலாம். மீதி உள்ள சிலவற்றுக்காகத்தான் இந்த அத்தியாயம். அவற்றில் பல உங்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை அல்ல. கடிதம் அனுப்புகிறவரின் வசதிக்கும் மென்பொருள் தருகிறவரின் வசதிக்கும் அமைக்கப்பட்டவை.

எதை மாற்றுவது, எதை விடுவது என்று குழம்பினால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கடிதம், படிக்கப்படுவதைத் தவிர வேறு ஏதாவது செய்கிறதா? செய்கிறது என்றால், அதைச் செய்யச் சொன்னது நானா?

1982இல் இந்தக் கேள்விக்கே இடமில்லை. இன்றும் அஞ்சலைச் சுமந்து செல்லும் எஸ்.எம்.டி.பி. விதிமுறை அந்த ஆண்டு வகுக்கப்பட்டபோது கடிதம் என்றால் வெறும் எழுத்து. 1992இல் வந்த மைம் விதிமுறை, படத்தையும் கோப்பையும் கடிதத்தோடு சேர்த்து அனுப்ப வழி செய்தது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் எச்.டி.எம்.எல். நுழைந்தது. அன்று முதல் உங்களுக்கு வருகிற கடிதம் பெரும்பாலும் ஓர் இணையப் பக்கம். இணையப் பக்கம் சும்மா இருக்காது. வெளியே ஆள் அனுப்பும், படம் வரவழைக்கும், வரவழைக்கும் சாக்கில் தன்னைத் திறந்தவர் யார் என்றும் சொல்லிவிடும்.

இங்கே முதன்மையாக எடுத்துக்கொள்வது தண்டர்பேர்ட். விலையில்லாதது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுவது. 2024 முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் கிடைக்கிறது. கூடவே ஜிமெயில், அவுட்லுக், ஆப்பிள் மெயில் ஆகியவற்றிலும் அதே அமைப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லிச் செல்கிறேன். பட்டிகளின் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறும். சொன்ன இடத்தில் இல்லையென்றால் செட்டிங்ஸ் பக்கத்தின் மேலே உள்ள தேடல் பெட்டியில் அந்தப் பெயரை அடித்துப் பாருங்கள்.

வெளிப்படங்களை நிறுத்துதல்

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைச் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

கடிதத்தில் படம் இரண்டு விதமாக வரும். ஒன்று, கடிதத்துக்குள்ளேயே பொதிந்து வருவது; உறவினர் அனுப்பும் கல்யாணப் பத்திரிகை அப்படி. மற்றது, கடிதத்தில் படம் இருக்காது. படம் இருக்கும் முகவரி மட்டும் இருக்கும். நீங்கள் திறக்கும் நொடியில் உங்கள் மென்பொருள் அந்த முகவரிக்குப் போய்ப் படத்தை வாங்கி வரும். விளம்பரக் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை.

இதில் ஒரு தந்திரம் உண்டு. கடிதத்தின் அடியில் ஒரு புள்ளி அகலம், ஒரு புள்ளி உயரம் உள்ள, நிறமே இல்லாத படம் ஒன்றை வைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அனுப்பும் கடிதத்தில் அந்தப் படத்தின் முகவரி வேறு வேறாக இருக்கும். உங்களுக்கென்றே தந்த முகவரியிலிருந்து படம் கேட்கப்பட்டால், கடிதத்தைத் திறந்தது நீங்கள்தான் என்று அனுப்பியவரின் கணினி குறித்துக்கொள்ளும். எத்தனை மணிக்கு, எத்தனை முறை, கைப்பேசியிலா கணினியிலா, எந்த இணைய நிறுவனத்தின் வழியாக, ஏறக்குறைய எந்த ஊரிலிருந்து என்பதெல்லாம் அந்த ஒரு கேட்பில் அடங்கியிருக்கும். ஆடித் தள்ளுபடிக் கடிதத்தை இரவு பதினொன்றரைக்கு இரண்டு முறை திறந்து பார்த்தீர்கள் என்பது கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். கடைக்காரருக்குத் தெரிந்தால்கூடப் பரவாயில்லை என்பீர்கள். முகவரிகளைக் கிடைத்த இடத்தில் எல்லாம் அள்ளி வைத்திருக்கும் மோசடிக் கும்பலும் இதே புள்ளியைத்தான் வைக்கிறது. எந்த முகவரிக்குப் பின்னால் உயிருள்ள ஆள் இருக்கிறார் என்று சலித்தெடுக்க அவர்களுக்கு அது உதவுகிறது. ஒரு முறை திறந்த பிறகு குப்பைக் கடிதம் கூடுவதற்கு இது ஒரு காரணம்.

தண்டர்பேர்டில் இது தொடக்கத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். ஆனாலும் சரிபாருங்கள்: செட்டிங்ஸ், பிறகு 'பிரைவசி அண்டு செக்யூரிட்டி', அதில் 'அலவ் ரிமோட் கன்டென்ட் இன் மெசேஜஸ்' என்ற கட்டத்தில் டிக் இருக்கக் கூடாது. இப்படி வைத்தால் வெளிப்படம் உள்ள கடிதங்களின் மேலே ஒரு பட்டை தோன்றி, படம் தடுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும். ரயில் டிக்கெட், மின்கட்டண ரசீது போன்றவை படம் இல்லாமலே படிக்கக்கூடியவை. நிஜமாகவே படம் வேண்டுமென்றால் அந்தப் பட்டையில் இருந்தே அந்தக் கடிதத்துக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். இன்னாரிடமிருந்து வந்தால் எப்போதும் காட்டு என்ற வசதியும் அங்கே உண்டு. அதைத் தொடாதீர்கள். அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போடுவது கடினமான வேலை அல்ல.

ஜிமெயிலைக் கணினியில் திறந்து, பல்சக்கரப் படத்தை அழுத்தி, 'சீ ஆல் செட்டிங்ஸ்', 'ஜெனரல்' பகுதியில் 'இமேஜஸ்' என்ற வரியில் 'ஆஸ்க் பிஃபோர் டிஸ்ப்ளேயிங் எக்ஸ்டர்னல் இமேஜஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பக்கத்தின் அடிக்குப் போய் 'சேவ் சேஞ்சஸ்' அழுத்த வேண்டும். மேலே மாற்றிவிட்டு அடிக்குப் போகாமல் மூடிவிடுகிறவர்களே அதிகம். இதை மாற்றினால், கடிதத்துக்குள்ளேயே படிவம் நிரப்பச் சொல்லும் 'டைனமிக் ஈமெயில்' வசதியும் சேர்ந்து நின்றுவிடும், நல்லதுதான். கைப்பேசியிலும் ஜிமெயில் செயலியின் செட்டிங்ஸில் உங்கள் கணக்கைத் தொட்டால் 'இமேஜஸ்' இருக்கும், அங்கேயும் பார்த்துவிடுங்கள்.

கூகுள்தான் படங்களைத் தன் கணினி வழியாகக் கொண்டுவந்து காட்டுகிறதே என்று கேட்கலாம். உண்மை. 2013 டிசம்பர் முதல் ஜிமெயில் அப்படித்தான் செய்கிறது. அதனால் உங்கள் ஊரும் இணைய முகவரியும் மறைந்துபோகும். ஆனால் கடிதம் திறக்கப்பட்டது என்ற செய்தி போய்ச் சேர்ந்துவிடும். குப்பை அனுப்புகிறவனுக்கு அது போதும்.

ஆப்பிள் வேறு வழி எடுத்தது. 2021இல் ஐ.ஓ.எஸ். 15 உடன் வந்த 'ப்ரொடெக்ட் மெயில் ஆக்டிவிட்டி' என்ற அமைப்பு, நீங்கள் கடிதத்தைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களைப் பின்னணியில், இடைக் கணினிகள் வழியாக இறக்கி வைத்துவிடுகிறது. எல்லாக் கடிதமும் திறந்ததாகவே அனுப்பியவருக்குத் தெரிவதால் உளவுக்கு மதிப்பே இல்லாமல் போகிறது. விளம்பர நிறுவனங்கள் அன்று போட்ட கூச்சலைப் பார்த்தால் எந்த அளவுக்கு இந்தப் புள்ளியை நம்பியிருந்தார்கள் என்று புரியும். ஐபோனில் மெயில் செயலியின் செட்டிங்ஸில் 'பிரைவசி ப்ரொடெக்ஷன்' என்ற இடத்தில் அது இயங்குகிறதா என்று பாருங்கள்.

பழைய அவுட்லுக்கில் ஃபைல், ஆப்ஷன்ஸ், 'டிரஸ்ட் சென்டர்', அதற்குள் 'ஆட்டோமேட்டிக் டவுன்லோட்'. முதல் கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். தண்டர்பேர்டில் டிக் இருக்கக் கூடாது, இங்கே இருக்க வேண்டும். அங்கே கேள்வி 'அனுமதிக்கலாமா', இங்கே 'தடுக்கலாமா'. கட்டத்தைப் பார்க்காமல் எழுதியிருப்பதைப் படித்து முடிவு செய்யுங்கள்.

படத்தை நிறுத்தினாலும் இணைப்பு நிற்காது. கடிதத்தில் உள்ள இணைப்பைத் தொட்டால் அதுவும் உங்களுக்கென்றே செய்த முகவரிதான். 'அன்சப்ஸ்க்ரைப்' விஷயத்தில் ஒரு வேறுபாடு பாருங்கள். நீங்களே பெயர் கொடுத்து வாங்கிய கடையின் கடிதம் என்றால் தாராளமாக அழுத்துங்கள். யாரென்றே தெரியாதவரின் கடிதம் என்றால் அழுத்தாமல் குப்பை என்று குறித்துவிடுங்கள். படித்ததற்கு ரசீது கேட்கும் கடிதங்களும் இதே இனம். 'ரிட்டர்ன் ரிசீப்ட்ஸ்' என்று தேடி, ஒருபோதும் அனுப்பாதே என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். அலுவலக விதி வேறு மாதிரி இருந்தால் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும்.

வெறும் எழுத்தாகப் படிப்பது

தண்டர்பேர்டில் 'வியூ' பட்டியில் 'மெசேஜ் பாடி ஆஸ்' என்று ஒன்று உண்டு. அதில் மூன்று நிலை: முழு அலங்காரம், எளிய அலங்காரம், வெறும் எழுத்து. 'சிம்பிள் எச்.டி.எம்.எல்.' என்ற நடு நிலையே பெரும்பாலோருக்குப் போதும் என்பது என் எண்ணம். தடித்த எழுத்தும் பட்டியலும் இருக்கும், வெளியே போய் வரும் வேலைகள் இருக்காது. பத்திரிகையாளர், வழக்கறிஞர், அறியாத இடங்களிலிருந்து கடிதம் வாங்குவதே தொழிலானவர்கள் 'பிளெய்ன் டெக்ஸ்ட்' வைத்துக்கொள்ளலாம். கடைக் கடிதங்கள் அலங்கோலமாகத் தெரியும். பழகிவிடும். அவுட்லுக்கில் இது 'டிரஸ்ட் சென்டர்' உள்ளே 'ஈமெயில் செக்யூரிட்டி'யில் இருக்கிறது.

அலங்காரத்துக்குள் இவ்வளவு ஆபத்து இருக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு 2018 மே மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் மியூன்ஸ்டர், போஹும் நகரங்களிலும் பெல்ஜியத்தின் லூவனிலும் உள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'ஈஃபெயில்' என்ற பெயரில் ஒரு குறையை வெளியிட்டார்கள். பி.ஜி.பி., எஸ்-மைம் என்ற இரண்டு முறைகளில் மறையாக்கம் செய்த கடிதங்களை, சாவி இல்லாமலே படிக்க வழி இருக்கிறது என்று காட்டினார்கள். பூட்டை உடைக்கவில்லை. வழியில் மடக்கிய மறைகடிதம் ஒன்றை எடுத்து, அதற்கு முன்னால் ஒரு பட முகவரியின் தொடக்கத்தையும் பின்னால் அதன் முடிவையும் ஒட்டி, உரியவருக்கே மீண்டும் அனுப்புவார்கள். அவருடைய மென்பொருள் தன் சாவியால் கடிதத்தைத் திறக்கும். திறந்த வாசகம் இப்போது பட முகவரியின் நடுப்பகுதி ஆகிவிட்டது. படத்தைக் கேட்கப் போகும்போது ரகசிய வாசகம் முழுவதையும் எதிரியின் கணினியிடம் அதுவே ஒப்பித்துவிடும். தண்டர்பேர்டும் ஆப்பிள் மெயிலும் அன்று இதில் மாட்டியவை, பிறகு திருத்திவிட்டார்கள். உடனடியாகச் செய்யச் சொன்ன பரிகாரங்களில் ஒன்று, எச்.டி.எம்.எல். காட்டுவதை நிறுத்துங்கள் என்பது. உலகின் மிக வலுவான மறையாக்கத்தை, படம் காட்டும் ஆசை ஒன்று கவிழ்த்துவிட்டது.

'பிரிவியூ பேன்' என்ற முன்னோட்டப் பலகத்தையும் மூட வேண்டுமா என்று பலர் கேட்பதுண்டு. அந்த அறிவுரை 1999 நவம்பரில் பிறந்தது. 'பபிள்பாய்' என்ற புழு, அவுட்லுக் எக்ஸ்பிரஸில் கடிதம் முன்னோட்டத்தில் தெரிந்தாலே ஓடத் தொடங்கியது. இன்றைய மென்பொருள்கள் கடிதத்துக்குள் நிரல் ஓட விடுவதில்லை. வெளிப்படமும் நிறுத்தியாயிற்று என்றால் பலகம் திறந்திருக்கலாம். ஆனால் மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்தாக வேண்டும். 2023 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கில் அடைத்த ஓட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவூட்டலுக்கு ஒலிக்க வேண்டிய மணியோசை இன்ன கணினியில் இருக்கிறது என்று எதிரி குறித்து அனுப்புவான். ஓசையைத் தேடிப் போகும் அவுட்லுக், பயனரின் உள்நுழைவுச் சான்றை அங்கே காட்டிவிடும். கடிதத்தைத் திறக்கவும் வேண்டாம், முன்னோட்டம் பார்க்கவும் வேண்டாம். இப்படிப்பட்டதற்கு எந்த அமைப்பும் மருந்தல்ல; புதுப்பிப்பு ஒன்றே மருந்து.

அனுப்பியவர் யார்?

எஸ்.எம்.டி.பி. வகுத்தபோது அனுப்புநர் பெயரைச் சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் அதில் வைக்கப்படவில்லை. பிற்காலத்தில் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் என்று மூன்று ஒட்டுப்போட்டார்கள். நிலைமை மேம்பட்டிருக்கிறது. ஆனால் மென்பொருள்கள் முகவரியை மறைத்துப் பெயரை மட்டும் காட்டும் வழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கின்றன. பெயர் என்ற இடத்தில் யாரும் எதையும் எழுதலாம், உங்கள் மேலாளரின் பெயரை உட்பட.

தண்டர்பேர்டில் கடிதத் தலைப்பின் 'மோர்' பொத்தானை அழுத்தி 'கஸ்டமைஸ்' போனால், அனுப்புநரின் முழு முகவரியை எப்போதும் காட்டு என்று ஒரு கட்டம் இருக்கிறது. டிக் செய்யுங்கள். முகவரிப் புத்தகத்தில் உள்ளவர்களுக்குப் பெயர் மட்டும் காட்டு என்ற கட்டம் செட்டிங்ஸில் இருக்கும். அதில் உள்ள டிக்கை எடுங்கள். ஜிமெயிலில் பெயருக்குக் கீழே உள்ள சிறு அம்புக்குறியைத் தொட்டால் 'மெயில்டு பை', 'சைன்டு பை' தெரியும். சந்தேகம் தீரவில்லை என்றால் மூன்று புள்ளிப் பட்டியில் 'ஷோ ஒரிஜினல்'. மேலே சொன்ன மூன்று சோதனைகளிலும் 'பாஸ்' ஆகியிருக்கிறதா என்று அங்கே எழுதியிருக்கும். 'பாஸ்' என்றால் நல்லவர் என்று பொருளல்ல. அந்த முகவரியிலிருந்துதான் வந்தது என்பது மட்டுமே பொருள். மோசடிக்காரர் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி முறையாக அனுப்பினாலும் 'பாஸ்'தான் வரும்.

வங்கிக் கடிதங்களில் உள்ள இணைப்பைப் பார்க்க இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. இந்திய வங்கிகள் தங்கள் இணையத்தளங்களை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முடிவை எல்லோருக்கும் தரமாட்டார்கள். இணைப்பின் மேல் சுட்டியை வைத்து, கீழே தெரியும் முகவரியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். அதைவிட நல்லது, வங்கி முகவரியை நீங்களே அடித்துப் போவது.

இணைப்புக் கோப்புகள்

2000ஆம் ஆண்டு மே 4 அன்று மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' புழுவுக்கு உதவியது விண்டோஸின் ஓர் அமைப்பு. இணைத்த கோப்பின் பெயர் காதல் கடிதம் என்று தொடங்கி, டாட் டி.எக்ஸ்.டி. டாட் வி.பி.எஸ். என்று முடியும். விண்டோஸ், தனக்குத் தெரிந்த கோப்பு வகை என்றால் கடைசி ஒட்டை மறைத்துவிடும். அதனால் கண்ணுக்குத் தெரிந்தது டி.எக்ஸ்.டி., அதாவது சாதாரண எழுத்துக் கோப்பு. திறந்தவர்களின் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் அது தன்னையே அனுப்பிக்கொண்டது. பிரிட்டன் நாடாளுமன்றம் தன் மின்னஞ்சலையே நிறுத்திவைக்க வேண்டி வந்தது.

கால் நூற்றாண்டு ஆன பிறகும் விண்டோஸ் அந்த ஒட்டை மறைத்துத்தான் வருகிறது. விண்டோஸ் 11 என்றால் 'ஃபைல் எக்ஸ்ப்ளோரர்' திறந்து 'வியூ', 'ஷோ', 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதில் டிக் செய்யுங்கள். 10 என்றால் 'வியூ' பகுதியிலேயே இருக்கும். இது மின்னஞ்சல் மென்பொருளின் அமைப்பு அல்லதான். ஆனாலும் இந்த அத்தியாயத்துக்கு உரியது.

வேர்டு, எக்செல் கோப்புகளுக்குள் ஒளிந்து வரும் மேக்ரோ என்ற குறுநிரல்களை, அவை இணையத்திலிருந்து வந்தவை என்றால் 2022 முதல் மைக்ரோசாஃப்டே தடுக்கிறது. கோப்பின் மேல் சிவப்புப் பட்டை வரும். அதை எப்படி நீக்குவது என்று கடிதத்திலேயே பொறுமையாக விளக்கி எழுதியிருந்தால், அந்தப் பொறுமையே அடையாளம்; அழித்துவிடுங்கள். வாசல் அடைபட்டதும் ஆட்கள் வேறு பக்கம் வந்தார்கள். இப்போது கவனிக்க வேண்டியது எச்.டி.எம்.எல். இணைப்புக் கோப்பு. திறந்தால் உலாவியில் உங்கள் அலுவலக மின்னஞ்சலின் உள்நுழைவுப் பக்கம் போலவே ஒன்று தோன்றும். மேலே முகவரிப் பட்டையைப் பார்த்தால் இணைய முகவரி இருக்காது, உங்கள் கணினியில் உள்ள கோப்பின் பெயர் இருக்கும். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஜிப் கோப்பும், அதற்கான கடவுச்சொல் அதே கடிதத்திலும் வந்தால், பூட்டியது உங்களுக்காக அல்ல. வைரஸ் சோதனை உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக.

உங்களுக்குத் தெரியாத விதிகள்

முதலில் சொன்னது அந்தரங்கம் பற்றியது என்றால் இது பணம் பற்றியது. அளவில் சிறிய ஏற்றுமதி நிறுவனங்கள், தணிக்கையாளர் அலுவலகங்கள், வீட்டு மனை வாங்க வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம் இருக்கிறது, ஐரோப்பாவில் அதற்கு ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் மின்னஞ்சல் கடவுச்சொல் எப்படியோ ஒருவன் கையில் சிக்குகிறது. அவன் எதையும் அழிப்பதில்லை, கடவுச்சொல்லை மாற்றுவதும் இல்லை. செட்டிங்ஸுக்குப் போய் ஒரு விதி எழுதுகிறான்: 'இன்வாய்ஸ்' என்றோ 'பேமென்ட்' என்றோ சொல் உள்ள கடிதங்களின் பிரதி ஒன்று எனக்கு வரட்டும். பிறகு வாரக்கணக்கில் படித்துக்கொண்டே இருக்கிறான். எந்த ஆர்டர், எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் பணம் வரும், முதலாளி கடிதத்தை எப்படி முடிப்பார் என்பதெல்லாம் அத்துபடி ஆகிறது. பணம் அனுப்ப வேண்டிய வாரத்தில் வாடிக்கையாளருக்கு ஒரு கடிதம் போகிறது. எங்கள் வங்கிக் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இந்த முறை கீழ்க்கண்ட கணக்குக்கு அனுப்புங்கள் என்று. முகவரியில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். இன்னொரு விதியும் எழுதி வைத்திருப்பான்: அந்த வாடிக்கையாளரிடமிருந்து வரும் பதில்கள் இன்பாக்ஸுக்கு வராமல், யாரும் திறக்காத ஏதாவது ஒரு ஃபோல்டருக்குப் போகட்டும். அவுட்லுக்கில் 'ஆர்.எஸ்.எஸ். ஃபீட்ஸ்' என்ற ஃபோல்டர் இதற்கு ரொம்பப் பிடித்த இடம். சரக்கு போய்ச் சேர்ந்திருக்கும், பணம் போய்ச் சேர்ந்திருக்கும், இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை.

சந்தேகம் வந்து கடவுச்சொல்லை மாற்றினாலும் இந்த விதிகள் அழியாது. அவை கணக்கின் பகுதி. அதனால்தான் கடவுச்சொல்லை மாற்றியதோடு நிற்கக் கூடாது என்கிறேன்.

ஜிமெயில் என்றால் கணினியில் திறந்து, செட்டிங்ஸில் மூன்று பக்கங்களைப் பாருங்கள். 'ஃபார்வர்டிங் அண்டு பாப்/ஐமேப்' பக்கத்தில் நீங்கள் வைக்காத முகவரி இருக்கிறதா? கடிதங்களை வேறு மென்பொருளுக்கு இறக்கும் 'பாப்' வழி, நீங்கள் பயன்படுத்தாமலே திறந்திருக்கிறதா? 'ஃபில்டர்ஸ் அண்டு பிளாக்டு அட்ரஸஸ்' பக்கத்தில் நீங்கள் எழுதாத விதி இருக்கிறதா? 'அக்கவுன்ட்ஸ்' பக்கத்தில் 'கிராண்ட் ஆக்ஸஸ் டு யுவர் அக்கவுன்ட்' என்ற இடத்தில் யார் பெயராவது இருக்கிறதா? கடைசியில் சொன்னது, கடவுச்சொல்லே தெரியாமல் இன்னொருவர் உங்கள் கணக்கைப் படிக்க வழி தருவது. பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். இன்பாக்ஸின் அடியில் வலது மூலையில் 'டீடெய்ல்ஸ்' என்று சிறியதாக எழுதியிருக்கும். எந்த நேரத்தில், எந்த இடத்திலிருந்து கணக்கு திறக்கப்பட்டது என்ற பட்டியல் அங்கே கிடைக்கும். அவுட்லுக் இணையப் பதிப்பில் செட்டிங்ஸ், மெயில், பிறகு 'ரூல்ஸ்', 'ஃபார்வர்டிங்' இரண்டையும் பாருங்கள்.

பதவி விட்டுப் போன கணக்காளர் நல்லெண்ணத்தோடு வைத்துவிட்டுப் போன ஃபார்வர்டிங்கும் சில நேரம் அகப்படும். அதையும் எடுத்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கு மாறியது என்று யார் எழுதினாலும், கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் அழைத்துக் கேட்பது இதற்கான ஒரே காப்பு. பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே வங்கிக்குச் சொல்லுங்கள். இந்தியாவில் 1930 என்ற எண்ணிலும் புகார் கொடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகரும் முன் நிறுத்த முடிந்தால்தான் உண்டு.

இரண்டடுக்கு சரிபார்ப்பு இல்லாத கணக்குக்கு மேலே சொன்ன எதுவும் முழுக் காப்பு ஆகாது. அதை இயக்கும்போது மீட்பு எண்ணாக எந்தக் கைப்பேசி எண் இருக்கிறது என்று பாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண்கள், துண்டிக்கப்பட்டு 90 நாள் கழிந்த பிறகு வேறொருவருக்குத் தரப்படலாம். உங்கள் ஓ.டி.பி. அவருக்குப் போகும்.

கம்பி வழியில்

இது சுருக்கமானது. 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' திறந்து 'சர்வர் செட்டிங்ஸ்' பாருங்கள். ஐமேப் என்றால் போர்ட் 993, பாப் என்றால் 995, இரண்டுக்கும் 'எஸ்.எஸ்.எல்./டி.எல்.எஸ்.'. வெளியே அனுப்பும் சர்வருக்கு 465, அல்லது 587உடன் 'ஸ்டார்ட் டி.எல்.எஸ்.'. 'நன்' என்று இருந்தால் உங்கள் கடவுச்சொல் திறந்த அஞ்சலட்டையில் எழுதியது போலப் போகிறது. ஜிமெயில் கணக்குக்கு 'ஓ-ஆத் 2' தேர்ந்தெடுங்கள். வெறும் கடவுச்சொல்லை மட்டும் கொண்டு வேறு மென்பொருள் நுழைவதைத் தனிநபர் கணக்குகளில் 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்திவிட்டது.

சான்றிதழ் பொருந்தவில்லை, ஆனாலும் ஏற்கவா என்று மென்பொருள் கேட்டால், ஏற்காதீர்கள். சொந்த டொமைனில் மலிவான சேவை எடுத்திருக்கும் நிறுவனங்களில் இந்த எச்சரிக்கை அடிக்கடி வரும். சேவை தருகிறவரைத் தொலைபேசியில் கேட்டால், 'அது ஒன்றும் இல்லை சார், கன்ஃபர்ம் கொடுத்திடுங்க' என்பார்கள். சரியான சர்வர் பெயரைக் கேட்டு வாங்கிப் போட்டாலே அந்த எச்சரிக்கை பெரும்பாலும் போய்விடும். அதைச் சொல்லச் சோம்பல்.

விண்டோஸில் இப்போது வரும் புதிய அவுட்லுக்கில் வேறு நிறுவனத்தின் மின்னஞ்சல் கணக்கைச் சேர்த்தால், கடிதங்களின் பிரதி மைக்ரோசாஃப்டின் கிளவுடில் வைக்கப்படும். சேர்க்கும்போது அதைச் சொல்லித்தான் கேட்கிறது. படிக்காமல் 'கன்டின்யூ' அழுத்திவிடுகிறோம். வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் இது சாதாரண விஷயம் அல்ல.

கணினியில் தங்கியிருப்பவை

தண்டர்பேர்ட் உங்கள் கடிதங்களைக் கணினியில் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே வைக்கிறது. 'பிரைமரி பாஸ்வேர்ட்' வைத்தால் சேமித்த கடவுச்சொற்கள்தாம் பூட்டப்படும், கடிதங்கள் அல்ல. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். மடிக்கணினி தொலைந்தால் கடிதங்களைக் காப்பது வட்டு மறையாக்கம் மட்டுமே: விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட்.

நம் ஊரில் கடிதங்கள் தங்கும் இன்னோர் இடம் ஜெராக்ஸ் கடை. பிரின்ட் எடுக்க அங்கே உள்ள கணினியில் ஜிமெயிலைத் திறந்துவிட்டு வெளியேற மறந்திருந்தால், வீட்டுக்கு வந்து முன்பு சொன்ன 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் மற்ற எல்லா இடங்களிலிருந்தும் வெளியேற்றும் பொத்தானை அழுத்துங்கள். அடுத்த முறை பென் டிரைவில் அந்த ஒரு கோப்பை மட்டும் கொண்டு போங்கள்.

ஆதார் நகல், பான் அட்டை, சம்பளச் சீட்டு என்று வீட்டுக் கடனுக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் அனுப்பியவை எல்லாம் 'சென்ட்' பகுதியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. ஈ-ஆதார் கோப்பில் கடவுச்சொல் இருக்கிறதே என்று நிம்மதி வேண்டாம். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அந்தக் கடவுச்சொல் என்பது ஊருக்கே தெரியும். உங்கள் கடிதப் பெட்டிக்குள் வந்துவிட்டவனுக்கு அவை இரண்டும் கிடைப்பது சிரமமா? கோப்பு இணைத்த கடிதங்களை மட்டும் தேடி எடுத்து, வேண்டியதைக் கணினியில் சேமித்துவிட்டு, மற்றதை அழியுங்கள். ஜிமெயிலில் அழித்தவை 'டிராஷ்' பகுதியில் 30 நாள் இருக்கும். அதையும் காலி செய்ய வேண்டும். தண்டர்பேர்டில் கூடுதலாக ஒரு வேலை உண்டு. அழித்த கடிதம் திரையிலிருந்து மறைந்தாலும், கணினியில் உள்ள கோப்பில் அழிந்ததாகக் குறிக்கப்பட்டு அப்படியே கிடக்கும். குறிப்பிட்ட அளவு சேர்ந்த பிறகுதான் மென்பொருள் தானாகச் சுத்தம் செய்யும். 'டிராஷ்' காலி செய்துவிட்டு, 'ஃபைல்' பட்டியில் 'காம்பாக்ட் ஃபோல்டர்ஸ்' அழுத்தினால் அந்தக் கோப்பிலிருந்தும் அது நீங்கிவிடும்.